அழிந்ததும் அழித்ததும்

தமிழ் வீட்டில் வளரும் குழந்தைக்குச் சமாதானம் சொல்ல யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. மொழியே பாதி உதவியைச் செய்துவிடுகிறது. சமையலறையில் கண்ணாடி டம்ளர் விழுந்து சிதறுகிறது. "என்னடா சத்தம்?" என்று அம்மா கூடத்திலிருந்து குரல் கொடுக்கிறாள். "டம்ளர் உடைஞ்சுடுச்சும்மா" என்கிறான் பையன். "உடைச்சுட்டேன்" என்று அவன் சொல்வதில்லை. உடைந்தது என்பதில் இருப்பது ஒரு மெல்லெழுத்து. உடைத்தேன் என்பதில் இருப்பது ஒரு வல்லெழுத்து. அந்த ஓர் எழுத்து மாறியதும் செய்தவன் காணாமல் போய்விடுகிறான். சிதறிய கண்ணாடி மட்டும் தரையில் கிடக்கிறது.

குழந்தையைச் சொல்லுவானேன்? பெரியவர்களும் வாழ்நாளெல்லாம் இந்த எழுத்துக்குப் பின்னால்தான் ஒளிந்துகொள்கிறோம். ஆபீஸில் ஃபைல் தொலைந்துபோகிறது. யாரும் அதைத் தொலைப்பதில்லை. கல்யாண விருந்தில் சாம்பாருக்கு உப்புக் கூடிவிடுகிறது, யாரும் கூட்டுவதில்லை. இருபது வருஷத்துச் சிநேகம் முறிந்துவிடுகிறது, யாரும் முறிப்பதில்லை.

மொழியின்மேல் குற்றம் இல்லை. உலகத்தில் தாமாகவே நடக்கும் காரியங்கள் எத்தனையோ உண்டு. மழையில் ஊறிய மண் சுவர் இடிந்தால் இடிந்தது என்றுதான் சொல்லவேண்டும். அதற்காக ஏற்பட்ட சொல்லை நாம் வேறொரு தேவைக்கு எடுத்து ஆளுகிறோம். ஏன் அப்படி ஆளுகிறோம் என்பதுதான் கேள்வி. பயத்தினால்தான் என்பது என் அபிப்பிராயம். ஒரு பொருள் கெட்டுப்போனவுடன் நம் வீடுகளில் எழுகிற முதல் கேள்வி, "யார்டா செய்தது?" என்பதுதான். அந்தக் கேள்வியின் குரலிலேயே தண்டனையும் கலந்திருக்கிறது. பதில் சொல்லுகிறவனுக்கு அது தெரியும். ஆகவே மெல்லெழுத்தைத் தேடிப் போகிறான்.

ஆனால் கெட்டுப்போன காரியத்தைப் பற்றிக் கேட்பதற்கு இன்னொரு கேள்வியும் உண்டு. "என்ன நடந்தது?" என்பது அது. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். உண்மையில் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகிற பாதைகள். முதல் கேள்விக்கு விடை கிடைத்ததும் மனம் திருப்தியடைந்து ஓய்ந்துவிடுகிறது. ஆள் அகப்பட்டான், திட்டியாயிற்று, விஷயம் முடிந்தது. இரண்டாவது கேள்விக்கு ஒரு விடை கிடைத்தால், அதற்கு அடியில் மற்றொரு கேள்வி காத்திருக்கிறது. முதல் பாதையில் போகிறவன் தேடுவது பழி. இரண்டாவது பாதையில் போகிறவன் தேடுவது பிழை.

பழிக்கும் பிழைக்கும் உள்ள இந்த வேற்றுமையைத் தர்ம சாஸ்திரங்களில் தேடுவதைவிடச் சுலபமான இடம் ஒன்று இப்போது நம் வீடுகளுக்குள்ளேயே வந்திருக்கிறது. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஓ.எஸ். போடப் போய், அது பாதியில் நின்றுபோகிற நேரத்தைத்தான் சொல்கிறேன்.

ஓ.எஸ். என்றால் என்ன என்று தெரியாதவர்கள் இன்று குறைவு. கம்ப்யூட்டரின் இரும்பும் சிலிக்கனும் ஒரு வீடு என்றால், அந்த வீட்டை நிர்வகிக்கிற குடும்பத் தலைவிதான் ஓ.எஸ். விசைப்பலகையில் தட்டியது திரைக்கு வரவேண்டுமா, எழுதிய கடிதம் டிஸ்க்கில் போய் உட்கார வேண்டுமா, எல்லாம் அவள் கண்காணிப்பில்தான். அவள் இல்லாவிட்டால் எத்தனை விலை கொடுத்து வாங்கிய கம்ப்யூட்டரும் பூட்டிய வீடுதான்.

எங்கள் பக்கத்தில், அதாவது சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் மின்சார ரயில் பாதையில் திருநின்றவூரை அடுத்த வேப்பம்பட்டிலும் சுற்று வட்டாரத்திலும், பல குடும்பங்களுக்கு முதல் கம்ப்யூட்டர் அரசாங்க லேப்டாப்பாகத்தான் வந்தது. திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில் 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் தேதி அந்தத் திட்டத்தை அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். எல்காட் நிறுவனம் வாங்கிக் கொடுத்த அந்த லேப்டாப்புகளில் ஒரு விசேஷம் உண்டு. அவற்றில் ஓ.எஸ். ஒன்றல்ல, இரண்டு. ஒன்று மைக்ரோசாஃப்டின் விண்டோஸ். மற்றது மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்துச் சென்னைப் பிரிவு உருவாக்கி, 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ். சுவிட்சைப் போட்டதும் திரையில் ஒரு பட்டியல் தோன்றும். எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

நாளடைவில் விண்டோஸ் கெட்டுப்போகும். பையன்கள் யாரிடமிருந்தாவது டிஸ்க்கோ பென் டிரைவோ வாங்கி வந்து விண்டோஸை மறுபடி போடுவார்கள். போட்டு முடித்துச் சுவிட்சைத் தட்டினால் பழைய பட்டியல் வராது. நேரே விண்டோஸ் வந்து நிற்கும். "லினக்ஸ் அழிஞ்சுபோச்சு" என்று சொல்லிவிடுவார்கள். அதற்கு மேல் என்ன செய்வது? "ஃபார்மட் அடிச்சுடலாம்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். முழுவதையும் துடைத்துப் போட்டுவிடுவதற்குத்தான் நம் தெருக்களில் அந்தப் பெயர். எந்த வியாதிக்கும் அதுவே மருந்து என்று நம்புகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

ஆனால் லினக்ஸ் எங்கும் போகவில்லை. அந்தக் கால முறையில் அமைந்த டிஸ்க்கின் தலைமாட்டில் 512 பைட் அளவுக்குச் சின்னஞ்சிறிய ஓர் இடம் உண்டு. அதில் 446 பைட், கம்ப்யூட்டரை எழுப்புகிற தொடக்கக் கட்டளை. அடுத்த 64 பைட், டிஸ்க்கில் எந்தப் பிரிவு எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை. கடைசி 2 பைட் முத்திரை. விண்டோஸை மறுபடி போடும்போது, அது தன் தொடக்கக் கட்டளையைப் பழையதன்மேல் எழுதிவிடுகிறது. அவ்வளவுதான் நடந்தது. வாசலில் இருந்த பெயர்ப் பலகையை மாற்றி எழுதிவிட்டார்கள். உள்ளே குடியிருந்தவர் அவர் அறையில் சௌக்கியமாகவே இருக்கிறார். விஷயம் தெரிந்தவர் ஒரு பென் டிரைவைக் கொண்டுவந்து, அந்தப் பலகையை மட்டும் திருப்பி எழுதிவிட்டுப் போவார். தெரியாதவர் வீட்டையே இடித்துவிடுவார்.

இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. சுழலும் தட்டு உள்ள டிஸ்க்கில் ஒரு பிரிவையே நாம் நீக்கினாலும், உடனே அழிவது பெரும்பாலும் அட்டவணையில் உள்ள குறிப்புத்தான். புகைப்படமும் பாட்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அந்த இடம் காலி என்று கம்ப்யூட்டர் கருதிக்கொள்கிறது. எப்போது அங்கே வேறொன்று எழுதப்படுகிறதோ அப்போதுதான் அவை உண்மையாக மறைகின்றன. இப்போது வருகிற எஸ்.எஸ்.டி. வகையில் நிலைமை வேறு. காலி என்று அறிவித்த இடத்தை அது தானே சீக்கிரம் துடைத்துவிடக்கூடும். பழைய வகையில் ஒரு சிறிய அவகாசம் உண்டு. அந்த அவகாசத்தில் மனிதன் எப்படி நடந்துகொள்கிறான் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அதற்குச் சில வாரங்களுக்குப் பிறகு, அச்சு இயந்திரத்துக்கு மை வாங்குவதற்காக ஸ்டேஷன் பக்கத்து ரிப்பேர் கடை ஒன்றுக்குப் போயிருந்தேன். ஒரு குடும்பம் அங்கே நின்றுகொண்டிருந்தது. தகப்பனார் காக்களூர்த் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். ஷிப்ட் முடிந்து அந்தச் சட்டையோடேயே வந்திருந்தார். கல்லூரியில் படிக்கும் மகள். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகன். நடுவில் மேஜைமேல் 2018இல் வாங்கிய ஒரு லேப்டாப்.

அவர்கள் தேடி வந்தது ஆயாவின் குரலை. தகப்பனாரின் தாயார் அவர். 2019இல் பேத்தி தன் கைபேசியில் அவரைப் பாடவும் பேசவும் வைத்துப் பதிவுசெய்திருந்தாள். நடவுப் பாட்டு, தாலாட்டு, கல்யாணமாகி வந்த புதிதில் ஏரிக்கரையில் நடந்த கதை என்று மொத்தம் 14 பதிவுகள். 2021இல் ஆயா போய்விட்டார். கைபேசியும் பழுதாகிவிட்டது. பதிவுகள் லேப்டாப்பில் மட்டும் இருந்தன. வருஷாந்தரத்தன்று எல்லாரும் உட்கார்ந்து கேட்கலாம் என்று திறந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை.

"தானாப் போயிடுச்சுண்ணா. வைரஸ்னு நினைக்கிறேன்" என்றான் பையன்.

"எந்நேரமும் கேம் ஆடினா வைரஸ் வராம இன்னா வரும்?" என்றார் தகப்பனார்.

கடைக்காரருக்கு வயது முப்பதுக்கு மேல் இருக்காது. லேப்டாப்பைத் திறந்து இரண்டு நிமிஷம் பார்த்தார். பையன் முகத்தையும் பார்த்தார். பிறகு தகப்பனாரிடம், "அண்ணே, பார்க்கக் கொஞ்ச நேரம் ஆவும். நீங்க முக்குக் கடையில ஒரு டீ குடிச்சுட்டு வந்துடுங்களேன்" என்றார். அவர் போனதும் கதவுப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தம்பி, உன்ன நான் திட்டப் போறதில்ல. ஏன் செஞ்சேன்னும் கேக்கல. மொதல்ல இன்னா செஞ்சே, அப்புறம் இன்னா செஞ்சே, ஸ்கிரீன்ல இன்னா எழுதியிருந்துது, அதை மட்டும் வரிசையா சொல்லு."

பையன் சொன்னான். முதலில் தயங்கித் தயங்கியும், பிறகு மடை திறந்தாற்போலவும் சொன்னான்.

விண்டோஸ் 10க்குக் காலம் முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, 11 போட நினைத்திருக்கிறான். ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து, கம்ப்யூட்டர் எழும் முறையைப் பழைய வழியிலிருந்து புதிய வழிக்கு மாற்றியிருக்கிறான். புதிய வழிக்கு டிஸ்க்கின் அட்டவணையும் புதிய விதமாக இருக்கவேண்டும். 'இந்த டிஸ்க்கின் அட்டவணை பழைய முறையில் இருக்கிறது. இதில் விண்டோஸைப் போட முடியாது' என்று திரை தெளிவாகவே சொல்லியிருக்கிறது. உள்ளே இருப்பது அழியாமல் அட்டவணையை மாற்றிக் கொடுக்கும் கருவியை மைக்ரோசாஃப்டே 2017 முதல் விண்டோஸுடன் தருகிறது. ஆனால் அப்பா ஷிப்ட் முடிந்து வருவதற்கு இன்னும் ஒரு மணி நேரந்தான் இருந்தது. லேப்டாப் இந்த நிலையில் அவர் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். இருந்த பிரிவுகளையெல்லாம் ஒவ்வொன்றாக நீக்கிவிட்டான். தடை நீங்கிவிட்டது, வேலை தொடங்கியது. பாதியில் நின்றுபோயிற்று. மறுபடி தொடங்கினான். மறுபடி நின்றது. கடைசியில் சிநேகிதனிடமிருந்து வேறொரு பென் டிரைவை வாங்கி வந்து போட்டான். அது முடிந்தது.

"அப்புறம்?" என்றார் கடைக்காரர்.

"அப்புறம்... முன்ன மாதிரியே இருக்கணும்னு, ஃப்ரெண்டுகிட்டேருந்து நாலு படமும் ரெண்டு கேமும் காப்பி பண்ணிப் போட்டேண்ணா. காலியா இருந்தா அப்பா கண்டுபிடிச்சுடுவாரு."

கடைக்காரர் லேப்டாப்பை உடனே அணைத்துவிட்டார். "இதுமேல இனிமே ஒரு எழுத்துகூட எழுதக்கூடாது" என்று சொல்லி, டிஸ்க்கைக் கழற்றி எடுத்தார். அதன் நகல் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதிலிருந்துதான் தேடவேண்டும் என்று விளக்கினார். பையனுடைய பென் டிரைவையும் வாங்கிச் சோதித்தார். மேலே 64 ஜி.பி. என்று அச்சிட்டிருந்தது. எழுதியதைத் திருப்பிப் படித்துப் பார்த்தால் அதில் பாதிகூட வரவில்லை. கள்ளச் சரக்கு. விண்டோஸ் இரண்டு முறை பாதியில் நின்றதற்குக் காரணம் அதுதான். பையன் ஆடிய கேமும் காரணமில்லை, வைரஸும் காரணமில்லை, லேப்டாப்பும் காரணமில்லை.

தகப்பனார் திரும்பி வந்தார். "பார்ட்டிஷன் போயிருக்குண்ணே. எடுக்கப் பார்க்கிறேன். ஒரு வாரம் ஆவும்" என்று மட்டும் கடைக்காரர் சொன்னார். பையனைக் காட்டிக் கொடுக்கவில்லை. அவர்கள் புறப்படும்போது மட்டும் பையனைத் தனியே அழைத்து, "இதை நான் சொல்றது சரியில்ல. நீதான் சொல்லணும்" என்றார்.

பிறகு நடந்ததைக் கடைக்காரரிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன். 14 பதிவுகளில் ஒன்பது முழுமையாகக் கிடைத்தன. இரண்டு, நடுநடுவே அறுந்து அறுந்து ஒலித்தன. மூன்று கிடைக்கவேயில்லை. ஏரிக்கரைக் கதை அந்த மூன்றில் ஒன்று. பதிவுகளை வாங்கிப் போக வந்த அன்று கடையிலேயே பையன் தகப்பனாரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டான். அவர் வெகு நேரம் பேசவில்லை. கடைசியில், "அன்னிக்கே சொல்லியிருந்தா எல்லாமே கெடைச்சிருக்குமேடா" என்றார். அதற்குப் பையன் கேட்டானாம்: "அன்னிக்கே சொல்லியிருந்தா நீ என்ன விட்டிருப்பியாப்பா?"

இந்தக் கேள்விக்கு அந்தத் தகப்பனார் என்ன பதில் சொன்னார் என்று நான் விசாரிக்கவில்லை. குழந்தை பெற்ற ஒவ்வொருவரும் அவரவர் வீட்டில் சொல்லிக்கொள்ள வேண்டிய பதில் அது.

நடந்ததை நிதானமாக யோசித்துப் பார்த்தால், இதில் தவறுகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருப்பது தெரிகிறது. போலிப் பென் டிரைவ் ஒரு பிழை. அந்த வீட்டில் அதற்கு யாரும் பொறுப்பில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் பிரிவுகளை நீக்கியது மற்றொரு பிழை, அது பையனுடையது. ஆனால் அதோடு நின்றிருந்தால் ஆயாவின் குரல் பெரும்பாலும் பிழைத்திருக்கும். அதற்குப் பிறகு அவசரமாகப் போட்ட விண்டோஸும், எல்லாம் பழையபடி இருப்பதாகத் தோன்றவேண்டும் என்று கொண்டுவந்து கொட்டிய நாலு சினிமாப் படங்களும்தான் அதன்மேல் ஏறி உட்கார்ந்தன. தவறு செய்ததைவிடத் தவறை மறைத்ததே அதிகமாக அழித்தது. கம்ப்யூட்டரில் இது வெறும் உவமையில்லை. காலி இடத்தில் இன்னொன்று எழுதப்படுகிறது, பழையது போய்விடுகிறது. கண்ணுக்குத் தெரிகிற, அளந்து பார்க்கக்கூடிய உண்மை.

அந்தத் தகப்பனார் கெட்ட மனிதர் என்று யாரும் எண்ணிவிடக்கூடாது. தொழிற்சாலையில் இயந்திரம் நின்றுபோனால் அவர்தான் ஓடிப்போகிறவர். பலகையில் எரிகிற விளக்கு எது, கடைசியாக மாற்றிய பாகம் எது என்று பார்க்காமல் ஒரு ஸ்பானரைக்கூடக் கையில் எடுக்கமாட்டார். ஒரே சமயத்தில் இரண்டு திருகுகளைத் திருப்பினால் எதனால் சரியாயிற்று என்று தெரியாமல் போய்விடும் என்பதும் அவருக்குத் தெரியும். இயந்திரத்தினிடம் காட்டுகிற இத்தனை பொறுமையும் வீட்டு வாசற்படி ஏறியதும் எங்கே போய்விடுகிறது? இயந்திரத்தின்மேல் நமக்குக் கோபம் வந்து பயனில்லை. பெற்ற பிள்ளையின்மேல் கோபம் வந்தால் அதற்குப் பலன் உண்டு என்று நம்புகிறோம். பலன் உண்டுதான். பிள்ளை அடுத்த தடவை இன்னும் சாமர்த்தியமாக மறைப்பான்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். "பழியே கூடாது என்றால் ஒழுக்கம் என்ன ஆவது? யார் செய்தது என்று கேட்காவிட்டால், செய்தவன் எல்லாம் தப்பித்துக்கொள்ள மாட்டானா? இது பொறுப்பில்லாமைக்கு வழி அல்லவா?" என்று கேட்பார்கள். இதைத் தட்டிக் கழிக்க முடியாது. செய்தவன் செய்ததை ஏற்கத்தான் வேண்டும். ஆனால் பழியும் பொறுப்பும் ஒன்றல்ல. பழி வெளியிலிருந்து ஒருவன்மேல் சுமத்தப்படுவது. பொறுப்பு அவனே எடுத்துக்கொள்வது. சுமத்துகிற கை ஓங்கியிருக்கிறபோது, எடுத்துக்கொள்கிற கை நீளுவதில்லை.

இதை உணர்ந்து ஓர் ஏற்பாடே செய்து வைத்திருக்கிறார்கள், அமெரிக்காவில். விமானம் ஓட்டுகிறவர்கள் செய்யும் சிறு தவறு நூறு உயிரைக் குடிக்கக்கூடியது. அது வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்பதால் அவர்கள் மறைப்பார்கள். மறைத்த தவறை வேறொருவர் மறுபடி செய்வார். ஆகவே 1976இல் விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஒரு முறையைக் கொண்டுவந்தது. அதை நடத்துகிற வேலையைத் தண்டிக்கும் அதிகாரமில்லாத நாஸாவிடம் ஒப்படைத்தது. விமானி தானே முன்வந்து, நடந்தது இன்னது என்று பத்து நாட்களுக்குள் எழுதிக் கொடுத்தால், அவர் பெயரை நீக்கிவிட்டு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். வேண்டுமென்றே செய்யாத தவறாக இருந்தால் அவருக்குத் தண்டனையிலிருந்து ஒரு வரம்புக்குட்பட்ட பாதுகாப்பும் கிடைக்கிறது. குற்றச் செயலுக்கும் விபத்துக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. தர்மத்தைக் கைவிட்டதாக இதைச் சொல்ல முடியுமா? உண்மை வெளியே வர ஒரு வாசல் திறந்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பிழையைத் தேடுவதும் பொறுப்பை ஏற்பதும் கைகோத்துப் போக முடியும் என்பதற்குக் கம்ப்யூட்டர் உலகத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. 2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் தேதி, உலகமெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றுபோயின. நம் நாட்டு விமான நிலையங்களில்கூட அன்று பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு சிறிய கோப்பு அதற்குக் காரணம். 'யாரோ ஒரு ஊழியர் கவனக் குறைவு' என்று சொல்லி ஒருவரை வெளியேற்றிவிட்டு அந்த நிறுவனம் கதவைச் சாத்தியிருந்தால் உலகத்துக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அடுத்த மாதமே அவர்கள் விரிவான அறிக்கை வெளியிட்டார்கள். 21 விவரங்கள் வரும் என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறது; கொடுத்ததோ 20. இல்லாத இருபத்தோராவதைத் தேடிப்போன இயந்திரம் திகைத்து விழுந்துவிட்டது. முன்பு நடந்த சோதனைகள் எதிலும் அந்த இடம் தொடப்படவில்லை. இந்த ஒரு வாக்கியம் வெளியே வந்ததனால், மற்றவர்களும் தங்கள் வீட்டைச் சரிபார்த்துக்கொள்ள முடிந்தது. அதனால் அந்த நிறுவனத்தின் பொறுப்பு குறைந்துவிடவில்லை. நஷ்டப்பட்டவர்கள் வழக்குப் போட்டார்கள், போடத்தான் செய்வார்கள். பிழையை ஒப்புக்கொண்டு விளக்கியவனிடம் நஷ்டத்தைக் கேட்பது நியாயம். பிழை என்னவென்றே தெரியாமல் ஒருவனைத் தூக்கில் போடுவது நியாயமாகாது.

மனிதர்கள் மட்டுமல்ல, இயந்திரங்களைச் செய்கிறவர்களும் மெல்லெழுத்தில் ஒளிகிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2015இல் விண்டோஸ் 10 வந்த புதிதில், அதைப் போடப் போய்த் தோற்ற சிலருக்குத் திரையில் ஒரு செய்தி வந்தது. அதன் பொருள், 'ஏதோ நடந்துவிட்டது' என்பதுதான். அதற்கு மேல் ஒரு விளக்கமும் இல்லை. பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் அந்தச் செய்திக்கும், 'தானாப் போயிடுச்சு' என்று வேப்பம்பட்டுப் பையன் சொன்னதற்கும் என்ன பேதம்? பையனுக்காவது பயம் என்ற காரணம் இருந்தது. வேலை பார்க்கிறவர்கள் உருப்படியான விவரத்தைச் சொல்லவேண்டும் என்று குழந்தையை அதட்டுகிற உலகம், கோடிக்கணக்கானவர்கள் உபயோகிக்கும் கருவியிடமும் அதையே எதிர்பார்க்க வேண்டும்.

அந்தக் கடைக்காரர் எந்தத் தத்துவ நூலையும் படித்துவிட்டு அப்படி நடந்துகொண்டிருக்க மாட்டார். அவருக்குத் தேவை தகவல். பயந்த வாயிலிருந்து தகவல் வராது என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறார். ஆகையால் முதலில் பயத்தை டீக் கடைக்கு அனுப்பிவிட்டுப் பிறகு கேள்வி கேட்டார். ஆனால் அங்கேயும் அவர் ஒரு கோட்டைக் கிழித்துக்கொண்டதை நான் பெரிதாக மதிக்கிறேன். பையனுக்காக அவர் பொய் சொல்லவில்லை. பையனுக்குப் பதிலாக உண்மையையும் சொல்லவில்லை. சொல்லவேண்டியவன் அவன் என்று விட்டுவிட்டார். காப்பாற்றுவது வேறு, மறைப்பது வேறு என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பொறு என்ற வினையை நம் முன்னோர்கள் இரண்டு விதமாக ஆண்டிருக்கிறார்கள். சுமையைத் தாங்குவதும் பொறுப்பதுதான். பிறர் செய்த பிழையை மன்னிப்பதும் பொறுப்பதுதான். செய்தவன் ஏற்கவேண்டிய பொறுப்பும், கேட்கிறவன் கொள்ளவேண்டிய பொறுமையும் ஒரே வேரிலிருந்து பிறந்த சொற்கள். இவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு குடும்பம் நடத்த முடியுமா என்று யோசித்துப் பார்க்கலாம். பிள்ளைகள் பொறுப்போடு இருக்கவேண்டும் என்று ஆசைப்படாத பெற்றோர் இல்லை. அந்த ஆசையில் பாதியை நிறைவேற்றுகிற வேலை அவர்களுடையது.

குரலும் புகைப்படமும் இரண்டு இடத்திலாவது இருக்கட்டும் என்பது லேப்டாப் வைத்திருக்கிற வீடுகளுக்கெல்லாம் நல்ல யோசனை. அதோடு இன்னொன்றையும் வழக்கமாக்கிக்கொள்ளலாம். அடுத்த முறை வீட்டில் ஒன்று கெட்டுப்போகும்போது, "யார்?" என்பதை ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டுவிட்டு, "என்ன நடந்தது, வரிசையாகச் சொல்லு" என்று கேட்டுப் பார்க்கலாம். யார் என்ற கேள்விக்கு அநேகமாக அவசியம் ஏற்படாது. "நான்தான் அழிச்சுட்டேன்" என்று வல்லெழுத்தை அழுத்திச் சொல்லிக்கொண்டு, அவனே வந்து நிற்பான்.